மஞ்சள் அட்டையில் எல்லோரும் நலம்

பூசணிப்பூ விடிந்ததும் விரியும். வெயில் உறைக்கத் தொடங்கினால் வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் யாராவது ஆண்பூவுக்குள் விழுந்து புரண்டு, மேலெல்லாம் பொடியை அப்பிக்கொண்டு, பக்கத்துப் பெண்பூவுக்குப் போயாக வேண்டும். பூசணிக்காய் உண்டாவதற்கு வேறு வழி இல்லை. இதற்காக யாரையும் போய்க் கூப்பிட்டு வந்ததாகப் பூசணிக்காரருக்கு நினைவில்லை. அவர்களே வருவார்கள், வேலையை முடிப்பார்கள், போவார்கள். அந்தப் பருவத்தில் பூக்கள் விரிந்தன, காத்திருந்தன, மூடிக்கொண்டன. ஒருவரும் வரவில்லை.

பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்து, மஞ்சளாகி, நுனியில் அழுகி, தொட்டதும் கையோடு வந்தன. பூசணிக்காரர் எதற்கும் முதலில் தன்னையே சந்தேகப்படுகிற மனிதர். தண்ணீர் அதிகமோ என்று குறைத்தார், குறைச்சலோ என்று கூட்டினார். உரத்தை மாற்றினார். விதை கொடுத்த கடைக்காரரோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்தார். கடைசியில் ஒரு காலையில் மனைவிதான் கேட்டாள்.

"சத்தத்தக் கவனிச்சீங்களா?"

"என்ன சத்தம்?"

"அதத்தான் கேக்குறேன். என்ன சத்தம் கேக்குது?"

அவர் நின்று கேட்டார். இலைகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. அது நின்றதும் எதுவும் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டது போல இருந்ததால் விரலை விட்டுக் குடைந்து பார்த்தார். வயல் முழுக்கப் பூ விரிந்து கிடந்தது, ஆனால் ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் நிற்பது போலிருந்தது அவருக்கு.

வரப்புக்கு அந்தப் பக்கம் காவல்சோளம். விதைக் கம்பெனியின் சோதனை வயல் அது. அந்தச் சோளம் தனக்கான மருந்தைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும்படி அதன் பிறவியையே மாற்றி அமைத்திருந்தார்கள். இலையைக் கடித்த புழு அங்கேயே சுருண்டது. ஒரு சொட்டு மருந்து தெளிக்க வேண்டாம் என்று வயலோரத்தில் பலகை வைத்திருந்தார்கள், அது உண்மையும்கூட. தண்டில் இருந்தது, இலையில் இருந்தது, உச்சியில் பூக்கும் கதிரின் பொடியிலும் இருந்தது. காற்றடித்தால் அந்தப் பொடி வரப்பைத் தாண்டிப் பூசணி இலைகளின் மேல் மெல்லிய படலமாக இறங்கும். புழுவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சோளத்துக்கு யாராவது சொல்லியிருந்தார்களா என்பது தெரியவில்லை. காரணம் சோளம்தான் என்று பூசணிக்காரர் அடித்துச் சொல்லவுமில்லை. அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது, அவர்களைக் கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் அவர் நம்பினார். நல்ல மனிதர்.

வயலில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் காய் பிடித்திருந்தது. மோட்டார் அறையைச் சுற்றிப் படர்ந்திருந்த கொடிகளில். அந்த அறையின் சுவரில், குழாய் நுழைகிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு துளை. துளையின் வாயில் மெழுகால் செய்த சுண்டுவிரல் நீளக் குழல். உள்ளே கொசுத்தேனீக்கள். கொட்டத் தெரியாதவை, கொசுவைவிடக் கொஞ்சம் பெரியவை. இந்த வட்டாரத்தில் மிச்சமிருந்தவை அவைதான் போலிருக்கிறது. மனைவி ஒரு மூடியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்திருந்தாள். தினமும் வேலைக்கு நடுவே போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்பாள்.

"உள்ள பேசிக்கிறாங்க," என்பாள்.

அவர் ஆணையத்துக்குக் கிளம்பிய அன்று வாசல்வரை வந்தாள். "எல்லாத்தையும் சொல்லுங்க. இவங்களப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க."

"ஏன்? நல்ல விஷயந்தானே?"

"ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. வேணாம்."

நன்மை செய்யும் பூச்சிகள் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டடம் நகரத்தின் நடுவே, நன்றாகக் குளிரூட்டப்பட்டு இருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி வலை. கூடத்தின் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு தேனீயின் படம், அதன் கண்ணில் பூசணிக்காரரின் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக. படத்துக்குக் கீழே நீல விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பறந்து வந்த ஏதோ ஒன்று அதில் பட்டுச் 'சட்' என்று பொரிந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் அவர் திடுக்கிட்டதைப் பார்த்துவிட்டார். "ஒண்ணுமில்ல சார். பூச்சித் தொல்லை. என்ன விஷயமா வந்தீங்க?"

"வயல்ல பூச்சி இல்லைங்க. தேனீ, வண்டு எதுவுமே வர்றதில்ல. அதான் புகார் குடுக்கலாம்னு."

"பாதிக்கப்பட்டது யாரு?"

"பூச்சிங்கதான்."

"அப்போ நீங்க மூணாவது நபர். பாதிக்கப்பட்டவங்க யாராச்சும் கூட வந்திருக்காங்களா?"

பூசணிக்காரர் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, "செத்துப்போச்சுங்களே," என்றார்.

"செத்ததையாவது கொண்டு வாங்க சார். வெறும் கையோட வந்தா நான் எத வச்சுப் பதிவு பண்றது?"

அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த முறை அவர் வரப்போரத்தில் கிடந்த வண்டுகளையும் இரண்டு தேனீக்களையும் ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனார். அம்மாள் பெட்டியை ஓர் அதிகாரியிடம் எடுத்துப்போனார். அதிகாரி உருப்பெருக்கியில் நீண்ட நேரம் பார்த்தார். பார்த்து முடித்தபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"இது எங்க வரம்புக்குள்ள வராதுங்க."

"ஏங்க?"

"எங்க சட்டத்துல இருக்கிறது 'நன்மை செய்யும் பூச்சி'. செய்யும். இது இப்போ ஏதாவது நன்மை செய்யுதா?"

"செத்துப்போச்சுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். நன்மை செஞ்சிட்டிருந்தா நாங்க பாதுகாத்திருப்போம். இத நீங்க குப்பை அள்ளுற துறைகிட்டத்தான் குடுக்கணும்."

பூசணிக்காரர் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். ஆனால் ஆணையம் தூங்குகிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. புகார் வந்தால் கள ஆய்வு நடந்தே தீரும். அடுத்த வாரமே ஜீப் வந்தது.

அதிலிருந்து இறங்கியவர் எண்ணுநர். ஆணையத்தில் அப்படி ஒரு பதவி உண்டு. சோதனை வயலில் பூச்சிகள் எத்தனை என்று எண்ணுவது அவர் வேலை. மெலிந்த, மரியாதையான மனிதர். பூசணி வயலில் நிற்கும்வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தவர், வரப்பைத் தாண்டிச் சோளத்துக்குள் கால் வைத்ததும் விசிலடிக்க ஆரம்பித்தார். பாட்டு ஒன்றும் இல்லை, சும்மா ஒரே சுருதி.

கூடவே போயிருந்த மனைவி கேட்டாள், "எதுக்குங்க விசிலடிக்கிறீங்க?"

"பழக்கமாயிடுச்சும்மா. இங்க சும்மா நின்னா காது ஒரு மாதிரி அடைக்குது."

சோளத்துக்கு நடுவே குச்சிகள் நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. மஞ்சளைப் பூவென்று நினைத்துப் பூச்சிகள் வரும். அட்டையில் பசை தடவியிருக்கும், வந்தது ஒட்டிக்கொள்ளும். எண்ணுநர் ஒவ்வோர் அட்டையாக நின்று, கண்ணாடியைப் பிடித்து, உதடு அசைய எண்ணினார். பொறிவண்டுகள், தேனீக்கள், பச்சைச் சிறகுப் பூச்சிகள், கண்ணாடிச் சிறகுக் குளவிகள். எல்லாம் காய்ந்து போயிருந்தன. காற்று வந்தபோது ஒட்டாத சிறகுகள் மட்டும் ஒரே சமயத்தில் எழுந்து அடங்கின. மனைவி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"போன மாசம் எவ்வளவு இருந்துச்சோ அதே அளவு இருக்கு," என்றார் எண்ணுநர். குரலில் ஒரு நிம்மதி. "போன வருஷமும் இதேதான். ஒண்ணுகூடக் குறையல."

பூசணிக்காரருக்குப் புரியவில்லை. "இதெல்லாம் எப்போ ஒட்டினதுங்க?"

"சோதனை ஆரம்பிச்சப்போ."

"அப்ப அதையேதான் ஒவ்வொரு மாசமும் எண்ணுறீங்களா?"

"வேற எத எண்ணுறது?"

"புது அட்டை வைக்கக் கூடாதுங்களா?"

எண்ணுநர் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "ஒரு தடவ வச்சுப் பார்த்தோம். அதுல எதுவும் வரல. அட்டை சரியில்லன்னு மேலிடத்துல தள்ளிட்டாங்க. அதுவுமில்லாம, அட்டைய மாத்தினா கணக்கோட தொடர்ச்சி அறுந்துபோகும். ஆராய்ச்சின்னா தொடர்ச்சிதாங்க முக்கியம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொறிவண்டு அட்டையிலிருந்து உதிர்ந்து மண்ணில் விழுந்தது. எண்ணுநர் உட்கார்ந்து தேடினார். கிடைத்ததும் ஊதித் தூசியை நீக்கி, பையிலிருந்து ஒரு சிறிய பசைக் குழாயை எடுத்து, அதன் வயிற்றில் ஒரு சொட்டு வைத்து, இருந்த இடத்திலேயே ஒட்டினார். விரலால் மெதுவாக அழுத்தியபடி, "இவர் மட்டும் அடிக்கடி இப்படிப் பண்ணுவார்," என்றார்.

ஆய்வின் முடிவு பூசணிக்காரருக்கு எழுத்தில் வந்தது. சோதனை வயலில் நன்மை செய்யும் பூச்சிகளின் எண்ணிக்கை நிலையாக உள்ளது. ஒருமுறை வந்த பூச்சிகள் இடத்தைவிட்டு அகலாமல் தங்கியிருப்பது, காவல்சோளம் அவற்றுக்கு ஏற்ற சூழலை அளிப்பதையே காட்டுகிறது. இதன் அடிப்படையில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் காவல்சோளம் பயிரிட அனுமதி வழங்குவது குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறும். வருக.

பள்ளத்தாக்கு முழுவதும் என்றால் மோட்டார் அறைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வாய்க்காலுக்கு அப்பால் எல்லாமே சோளம்தான். படித்துவிட்டு இருவரும் மோட்டார் அறையைத்தான் பார்த்தார்கள். குழலின் வாயில் ஒரு காவல்காரத் தேனீ தலையை நீட்டிவிட்டு உள்ளே போனது.

கூட்டத்துக்கு மனைவியும் வந்தாள். மேடையில் ஆணையத் தலைவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. 'பூச்சிகள் தரப்பு' என்று அதன் முன்னால் பலகை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் மூடி வைத்திருந்தார்கள். அந்த நாற்காலிக்கு ஒரு பூங்கொத்துக் கொடுத்துக் கூட்டத்தைத் தொடங்குவது ஆணையத்தின் மரபு. பிளாஸ்டிக் பூங்கொத்து. நிஜப் பூ வைத்தால் எறும்பு வருகிறதாம்.

தலைவர் பேசினார். கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல்.

"பெரியோர்களே, பூச்சிகள் நம் நண்பர்கள். நண்பர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவைத்திருப்பதே நட்பின் இலக்கணம். இந்த ஆணையம் தொடங்கியபோது எங்களுக்கு இருந்தது ஓர் அறை. பூச்சிகளுக்கு ஆபத்து என்றார்கள், ஒரு கட்டடம் கிடைத்தது. பேராபத்து என்றார்கள், மூன்று மாடி எழுந்தது. ஆபத்து கூடக்கூட நாங்கள் வளர்ந்துதான் வந்திருக்கிறோம், ஒருபோதும் தளர்ந்ததில்லை. எனவே எந்த ஆபத்தைக் கண்டும் நீங்கள் அஞ்ச வேண்டாம். பூச்சிகள் இல்லாமல் போனாலும் இந்த ஆணையம் இருக்கும் என்று உறுதியளிக்கிறேன்."

கைதட்டினார்கள். பூசணிக்காரர் எழுந்தார். சபையில் பேசிப் பழக்கமில்லாததால் சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

"ஐயா, அட்டையில இருக்கிறதெல்லாம் செத்ததுங்க. நான் கண்ணால பார்த்தேன்."

"எண்ணிக்கை தப்பா?" என்றார் தலைவர்.

"எண்ணிக்கை தப்பில்லைங்க. ஆனா உயிர் இல்ல."

"நீங்க சொல்றது உடல்நலம். அது வேற துறை. இங்க நாம பேசுறது எண்ணிக்கை."

"ஐயா, எங்க வயல்ல இப்ப ஒரு தேனீகூட இல்லைங்க. முன்னாடி அவ்வளவு இருந்துச்சு."

"இருந்துச்சுன்னு யார் சொன்னா? எங்க கணக்குல உங்க வயல் இல்ல. முன்ன எத்தனைன்னு தெரியாம, இப்ப குறைஞ்சு போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? ஒருவேளை உங்க வயலுக்குப் பூச்சிங்க வந்ததே இல்லையோ என்னவோ."

சபையில் சிரித்தார்கள். பூசணிக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. வாழ்நாளெல்லாம் விடியற்காலையில் அந்த இரைச்சலுக்கு நடுவே நின்றவர் அவர். பேசினால் மனைவிக்குக் கேட்காது, கையைக் காட்டித்தான் கூப்பிட வேண்டியிருக்கும், அப்படிப்பட்ட காலைகள். அதெல்லாம் நடக்கவே இல்லை என்று ஒரு மனிதர் மைக்கில் சொல்லிவிட்டார், ஊரும் சிரிக்கிறது.

"இருக்குதுங்க!" என்று கத்தினார். "இன்னும் இருக்குது. எங்க மோட்டார் ரூம் செவுத்துல கொசுத்தேனீ இருக்குது. உயிரோட இருக்குது. அதச் சுத்திதான் காய் பிடிச்சிருக்கு. நீங்க வந்து பாருங்க. அதுங்க இருக்கிற இடத்துல காய், இல்லாத இடத்துல அழுகல். வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க!"

மனைவியின் கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வாக்கியம் முடிந்தபோது அந்தப் பிடி விட்டுப்போயிருந்தது.

மேடையில் தலைகள் ஒன்றாகக் குவிந்தன. உயிரோடு என்ற சொல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனது. தலைவர் எழுந்து நின்றபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பு இல்லை என்றே நினைக்கிறேன்.

"நண்பரே, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அந்தச் சுவருக்கு இனி ஒரு கேடும் வராது. ஆணையமே அதைச் சுற்றி நிற்கும். அங்கே உள்ளவற்றை முழுமையாக எண்ணி முடிக்கும்வரை காவல்சோளத்துக்கான அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. திரும்பி வரும்போது பேருந்தில் பூசணிக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓயாமல் பேசினார். "பார்த்தியா? நிறுத்தி வச்சுட்டாங்க. நேர்ல சொன்னா கேக்குறாங்க. நாமதான் சும்மா பயந்துட்டோம்." மனைவி தூங்கிவிட்டாளோ என்று பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது.

ஆணையம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்து மோட்டார் அறையைச் சுற்றிக் கம்பம் நட்டுக் கயிறு கட்டினார்கள். 'பாதுகாக்கப்பட்ட பூச்சிகள் வசிப்பிடம், உள்ளே வராதீர்' என்று பலகை வைத்தார்கள். பலகையை நடுவதற்கு இடைஞ்சலாக இருந்த பூசணிக் கொடிகளை வெட்டினார்கள், காய்த்திருந்த கொடிகள் அவைதான். ஒரு காவலாளியை நாற்காலியோடு கொண்டுவந்து வைத்தார்கள். கூழாங்கல் போட்ட தண்ணீர் மூடி அனுமதி பெறாத பொருள் என்று கயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்தார்கள். பொழுது சாய்ந்து, தேனீக்கள் கூடடைந்த பிறகு எண்ணுநர் பெட்டியைத் திறந்தார். உள்ளே புத்தம் புதிய மஞ்சள் அட்டைகள்.

மெழுகுக் குழலைச் சுற்றி, பூவிதழ்கள் மாதிரி, நெருக்கமாக அவற்றைப் பொருத்தினார். கைதேர்ந்த வேலை. பூசணிக்காரர் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது... ஒட்டிக்கும்ங்களே."

"ஒட்டினாத்தாங்க எண்ண முடியும். பறந்துக்கிட்டே இருந்தா ஒண்ணையே ரெண்டு தடவ எண்ணிடுவோம். அது பொய்க் கணக்கு." எண்ணுநர் அவரைப் பார்க்காமல் பேசினார். "உங்களுக்கு நல்லதுதான். எண்ணிக்கை ஜாஸ்தியா வந்தாத்தான் நீங்க சொன்னது உண்மைன்னு ஆகும்."

"ஜாஸ்தியா வந்தா?"

"பூச்சி நிறைய இருக்குன்னு ஆகும்."

"இருக்குன்னு ஆனா?"

எண்ணுநர் கடைசி அட்டையை அழுத்திப் பொருத்தினார். "அப்போ சோளத்தால ஒண்ணும் ஆகலன்னு ஆகும்," என்றார் மெதுவாக.

மனைவி கயிற்றைத் தாண்டிவிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த போர்வையை அட்டைகளின் மேல் போட்டு, சுவரோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். காவலாளி ஓடிவந்து, சட்டப்படி இது நன்மை செய்யும் பூச்சிகளுக்கு எதிரான குற்றம் அம்மா, வசிப்பிடத்துக்குள் அத்துமீறல், கருவிக்குச் சேதம், என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தொட்டு இழுக்க அவருக்கும் கூச்சமாக இருந்தது. அவள் நகரவில்லை. கன்னம் சுவரில் பதிந்திருந்தது.

"நீங்க போயிடுங்க," என்றாள். "உள்ளதான் இருக்காங்க. இருக்காங்கன்னு நான் சொல்றேன். எழுதிக்கிட்டுப் போயிடுங்க."

"உங்க வார்த்தைய எப்படிம்மா எண்ணுறது?" என்றார் எண்ணுநர்.

கடைசியில் அவளைப் பிடித்துக் கூட்டிவந்தது பூசணிக்காரர்தான். வழக்கு என்று வந்தால் வயலும் போய்விடும் என்று காவலாளி சொன்னதும் அவரும் கயிற்றைத் தாண்டிப் போனார். அவள் அவர் கையை விலக்கிவிட்டுப் போர்வையை மடித்துக்கொண்டாள். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை எண்ணிக்கை நாள் என்று தலைவரே வந்தார். கூடவே விதைக் கம்பெனி ஆட்கள், படம் எடுப்பவர்கள், நாற்காலிகள், குடிதண்ணீர். வெயில் சுவரில் விழுந்ததும் குழலிலிருந்து முதல் தேனீ வந்தது. எழும்பியது, மஞ்சளைப் பார்த்துத் திரும்பியது, ஒட்டியது. பின்னால் இன்னொன்று. ஒட்டியவை சிறகை அடித்தன. அந்தச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். என்னவென்று பார்க்க மேலும் வந்தன. அவற்றைத் தேடி மேலும் வந்தன. கூட்டின் வாசலில் ஓர் ஆபத்து என்றால் உள்ளே இருப்பது அவற்றின் வழக்கமில்லை, வெளியே வருவதுதான் வழக்கம்.

கொஞ்ச நேரத்தில் அட்டைகள் இரையத் தொடங்கின. ஒட்டிய அத்தனை சிறகுகளும் ஒன்றாக அதிர்ந்தன. அந்தப் பருவம் முழுக்க இல்லாத இரைச்சல், வயலின் கோடிவரை கேட்டது. பூசணிக்காரருக்குப் பழைய காலைகள் ஒரு கணம் நினைவுக்கு வந்தன. பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கைபேசியைச் சுவருக்குப் பக்கத்தில் நீட்டி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டார். முகம் மலர்ந்திருந்தது.

"கேளுங்கள்! இந்த ரீங்காரத்தைக் கேளுங்கள்! இங்கே பூச்சிகள் இல்லை என்று ஒருவர் சொன்னார். சோதனை வயலுக்குப் பக்கத்திலேயே, ஒரே ஒரு துளையிலிருந்து, இத்தனை! ஆணையத்தின் வரலாற்றில் இப்படி ஓர் எண்ணிக்கையை நான் கண்டதில்லை. சந்தேகப்பட்டவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் இல்லையென்றால் இவற்றை நாம் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம்."

அப்படியே அந்த இடத்திலேயே அனுமதியில் கையெழுத்துப் போட்டார். பூசணிக்காரரை எழுப்பிக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தி, 'பூச்சிகளின் நண்பர்' என்று எழுதிய கண்ணாடிச் சட்டத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். அவரும் பாவம், சொன்னதைச் செய்கிறவர், சிரித்தார். வண்டிகள் கிளம்பிப் போவதற்குள் இரைச்சல் ஆங்காங்கே விட்டுவிட்டுக் கேட்டது. வெயில் உச்சிக்கு வந்தபோது அதுவும் இல்லை.

மனைவி அன்று முழுவதும் வயலுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாட்களில் வந்தாள், ஆண்பூக்களைப் பறித்து இதழை உரித்துப் பெண்பூக்களில் தொட்டுத் தொட்டு வைத்தாள். மோட்டார் அறைப் பக்கம் மட்டும் போகவில்லை. மோட்டார் போட வேண்டுமென்றால் அவர்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்க்காமல் உள்ளே போய், பார்க்காமல் வெளியே வந்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துப் பலமுறை வாயெடுத்தார். கேட்டால் அவள் சுவரைக் காட்டி, என்கிட்ட எதுக்கு என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

வாய்க்காலுக்கு அப்பால் உழத் தொடங்கியிருந்தார்கள்.

மாதம் பிறந்ததும் எண்ணுநர் வந்தார், இந்த முறை ஜீப் இல்லாமல் தனியாக, நடந்து. காவலாளியை ஏற்கெனவே திரும்ப அழைத்துவிட்டார்கள், கயிறு மட்டும் இருந்தது. பூசணிக்காரர் மோட்டார் அறைக்குள் இருந்தார். வெளியே கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. விசில் கேட்கவில்லை.

எண்ணி முடிக்கும்போது மனைவி கயிற்றருகே வந்து நின்றிருந்தாள்.

"எத்தனை பேரு?" என்றாள்.

"எல்லாரும் இருக்காங்கம்மா," என்றார் எண்ணுநர்.

"உள்ள?"

அவருக்கு அந்தக் கேள்வி புதிது. உள்ளே எண்ணுவது அவர் வேலையில் இல்லை. அவளையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அட்டைகளில் படாமல் தலையைச் சாய்த்து, மெழுகுக் குழலுக்கு அருகே காதை வைத்தார். வைத்த காதை வெகுநேரம் எடுக்கவில்லை.

"உள்ள யாரும் இல்லம்மா," என்றார் எண்ணுநர். "எல்லாரும் எங்க கணக்குல வந்துட்டாங்க."